சால்மன் ஏறும் ஆறுகள்

ஆறு கடலை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தை எதிர்த்துக் கடலிலிருந்து மலைக்கு ஏறுகிறது சால்மன் மீன். அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில், சோல்டக் என்றோர் ஆறு உண்டு. ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் காட்டினூடே பாயும் அவ்வாறு ஓரிடத்தில் பாறைகளுக்கிடையே நுரைத்து வீழ்கின்றது. இலையுதிர் காலத்தில் மக்கள் குடும்பங் குடும்பமாக அங்கு வந்து நிற்பர். மகள் குடும்பத்தாருடன் நானும் ஓர் அக்டோபர்த் திங்களில் நின்றேன். கோஹோ என்னும் வகைச் சால்மன் ஒன்று எழும்பிப் பாறையில் மோதி விழுந்தது; மீண்டும் எழும்பியது, மீண்டும் விழுந்தது. எண்ணிக்கொண்டிருந்த பேத்திக்கு ஏழுக்குப் பின் கணக்குத் தவறிவிட்டது.

இத்தாவல் வெறும் ஆவேசம் அன்று. வீழ்ச்சியின் அடியில் ஆழமான மடு இருத்தல் வேண்டும். விழுந்த நீர் அடியில் மோதி மேலெழும். அவ்வெழுச்சியும் வாலின் வீச்சும் கூடியே மீனை உயர்த்துகின்றன. மடு ஆழமின்றேல் வலிய மீனும் தாவ இயலாது. ஆற்றுள் புகுந்தபின் அது பெரும்பாலும் இரை கொள்வதில்லை; கடலில் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. பிறந்த ஓடையை அடைந்து, முட்டையிட்டபின் கோஹோ இறந்துபடும்.

பிறந்த ஓடையை எவ்வாறு அறிகிறது? மணத்தால் என்றார் விஸ்கான்சின் பல்கலைக்கழக அறிஞர் ஆர்தர் ஹாஸ்லர். வாஷிங்டன் மாநிலத்து இஸ்ஸகுவா ஓடையில் நிகழ்ந்த சோதனையின் முடிவு 1954 இல் வெளியாயிற்று. இரு கிளைகளிலும் ஏறிய மீன்களைப் பிடித்து, சிலவற்றின் நாசித் துளைகளை அடைத்து, கிளை பிரியும் இடத்திற்குக் கீழே விட்டனர். அடைபடாதவை பெரும்பாலும் தத்தம் கிளையையே நாடின, அடைபட்டவை தடுமாறின.

ஆனால் வழி தெரிந்தும் செல்ல இயலாத ஆறு ஒன்று அருகிலேயே இருந்தது. எல்வா ஆற்றில், கடலிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், 1913 இல் ஓர் அணை எழுந்தது. மீனுக்கு வழிவிடல் வேண்டும் என்னும் மாநிலச் சட்டம் அன்றே இருந்தது. எனினும் வழி விடப்படவில்லை. 33 மீட்டர்ச் சுவரை எந்த மீன் தாவும்? ஈடாக மீன்குஞ்சுப் பண்ணை ஒன்று வைத்தனர். 1922 இல் அதனையும் கைவிட்டனர். ஓர் ஆற்றுக்கு ஒரு பண்ணை ஈடாகும் எனக் கருதிய துணிவை என்னென்பது! 1927 இல் மேலே இரண்டாம் அணையும் வந்தது.

அவ்வாற்றங்கரையில் வாழ்வோர் கிளாலம் பழங்குடியினர். 1855 ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்தம் மீன்பிடி உரிமையை ஒப்புக்கொண்டிருந்தது. மீன் வாராத ஆற்றில் அவ்வுரிமையால் என்ன பயன்? அவர்கள் நெடுங்காலம் வாதாடினர். 1992 இல் ஆற்றை மீட்கச் சட்டம் இயன்றது. 2011 இல் தொடங்கி 2014 க்குள் இரண்டு அணைகளும் அகற்றப்பட்டன. தேங்கியிருந்த வண்டலும் மணலும் கடலுக்கு இறங்கின. சால்மன் மேலே ஏறிற்று. மீன் பெருகட்டும் என்று அம்மக்கள் அவ்வாற்றில் மீன்பிடிப்பையே நிறுத்தி வைத்திருந்தனர். 2023 அக்டோபரில், அளவோடு, கோஹோ மீன்களைப் பிடிக்க மீண்டும் ஆற்றில் இறங்கினர்.