கைபேசியும் வயல் அளவும்

நூலின் நம்பரை அறியாமல் நெசவாளர் பாவு ஓட்டுவதில்லை. ஆயினும், நிலத்தின் பரப்பையும் சரிவையும் கண்மதிப்பாலேயே கணித்து விதையும் உரமும் இடும் வழக்கம் குடியானவரிடையே இன்னும் முற்றும் நீங்கவில்லை. அளவுக் கருவிகளின் விலை ஒரு காரணம். அங்கத்தினர் பலரிடம் இன்றுள்ள ஸ்மார்ட்போன் இக்குறையை ஓரளவு போக்க வல்லது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அறிந்து உபயோகித்தலே விவேகம்.

முதலாவது, சரிவு. போனுக்குள் இருக்கும் முடுக்கமானி என்னும் நுண்கருவி, பூமி ஈர்க்கும் திசையை உணர்ந்து போனின் சாய்வைப் பாகைக் கணக்கில் தருகிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்னும் இலவசச் செயலியில் இவ்வளவைக் காணலாம். 2 மீட்டர் நீளமுள்ள நேரான பலகையைச் சரிவின் போக்கில் கிடத்தி, அதன்மேல் போனை வைத்து அளவைக் குறித்துக்கொள்க. பலகையை அசைக்காமல் போனை மட்டும் தலைமாற்றி வைத்து மறுமுறை குறித்துக்கொள்க. ஒருமுறை ஏற்றம் 3.4 என்றும், மறுமுறை இறக்கம் 2.6 என்றும் காட்டினால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குக. போனின் சொந்தப் பிழை நீங்கி, உண்மைச் சரிவு 3 பாகை எனக் கிடைக்கும்.

மேட்டுநிலத்தின் சரிவை அறிய இது போதுமானது. வாய்க்கால் வெட்டப் போதாது. 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் என்பதே 0.6 பாகைக்கும் சற்றுக் குறைவு. அத்தகைய சிறு சரிவுக்குக் கொத்தனார் உபயோகிக்கும் நீர்க்குழாய் மட்டமே நம்பத்தக்கது.

இரண்டாவது, பரப்பு. செயற்கைக்கோள் உதவியால் போன் காட்டும் இடம் திறந்த வெளியிலும் சுமார் 5 மீட்டர் விலகியிருக்கக்கூடும். மரநிழலில் இன்னும் கூடும். சதுரமான 1 ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். 10 சென்ட்டின் பக்கமோ 20 மீட்டரே. அங்கே 5 மீட்டர் என்பது காற்பங்கு ஆகிவிடும். 10 சென்ட்டைப் பன்னிரண்டரையாகக் கொண்டு உரமிட்டால், வேண்டிய உரத்துக்குமேல் நாலில் ஒரு பங்கு வீண் செலவன்றோ? ஆகவே, பல ஏக்கர் வயலுக்குப் போனும், சிறு துண்டுக்கு அளவு நாடாவும் ஏற்றவை. வரப்புத் தகராற்றுக்கும் கிரயத்துக்கும் போன் கணக்கு ஆகாது, சர்வேயரையே நாடுக.

மூன்றாவது, பயிரின் வளர்ச்சி. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘கேனோபியோ’ செயலி, மேலிருந்து எடுத்த படத்தில் பசுமை மூடியிருப்பது நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுகிறது. வாரந்தோறும் ஒரே உயரத்திலிருந்து படமெடுத்தால் வளர்ச்சியின் போக்கு விளங்கும். களையும் பசுமையாகவே கணக்கில் சேருமாதலால், களையெடுத்த பின்னரே படமெடுத்தல் நலம்.

தனித்தனியே வாங்க இயலாததைக் கூடி வாங்குவதே சங்கத்தின் நோக்கம். சங்கந்தோறும் நல்ல அளவு நாடா ஒன்றும் நீர்க்குழாய் மட்டம் ஒன்றும் பொதுவில் இருக்கட்டும். நாடாவால் அளந்து வைத்த வயல் ஒன்றில் அங்கத்தினர் தத்தம் போனை முதலில் சோதித்துக்கொள்வாராக. பொதுவில் வாங்கிய ஒரு நாடா, நூறு போன்களின் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.