பொதுப்படுகடனும் நாட்டின் வளர்ச்சியும்

கமக்காரன் ஒருவன் கடன்பட்டுக் கிணறு வெட்டினால், விளைச்சல் பெருகிக் கடனும் தீரும். கடன்பட்டு விருந்து வைத்தாலோ வட்டியே மிஞ்சும். அரசின் பொதுப்படுகடனுக்கும் இந்நியாயம் பொருந்தும்.

நாட்டுக் கடனில் மற்றுமொரு நுட்பம் உண்டு. டொலரிற் பெற்ற கடனை டொலரிலேயே இறுத்தல் வேண்டும். அப்பணத்தால் எழுந்த வீதியோ மண்டபமோ டொலரை ஈட்டித் தராது. ஏற்றுமதியும் சுற்றுலாவும் பிற வழிகளில் வரும் வெளிநாட்டு வருவாயுமே அச்சுமையைத் தாங்கவேண்டும்.

இலங்கை 2007 ஆம் ஆண்டில், முதன்முறையாக, 50 கோடி டொலருக்கு இறைமை முறிகளைச் சர்வதேசச் சந்தையில் விற்றது. பின்னரும் பலமுறை விற்றது. 2019 டிசெம்பரிலே பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டமையால் அரசிறை சுருங்கிற்று. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் சுற்றுலா வருவாயை அடைத்தது. புதுக்கடன் தருவோர் கைவிரித்தனர். 2022 ஏப்பிரில் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் இறுப்பதை அரசு இடைநிறுத்தியது. எரிபொருளும் மருந்தும் அரிதாயின. அவ்வாண்டு பொருளாதாரம் நூற்றுக்கு ஏழு வீதத்திற்கு மேல் சுருங்கியது.

வட்டிக்குச் செல்லும் ஒவ்வொரு ரூபாவும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லாத ரூபாவாகும். கடன் வளர்ச்சியைத் தின்னும் வழி இதுவே. ஆகவே, எவ்வளவு கடன் என்று கேட்பதோடு அமையாது, எதற்காக, எந்த நாணயத்தில், எவ்வருவாயைக் கொண்டு இறுப்பதற்கு என்றும் குடிமக்கள் வினவுதல் வேண்டும்.