விதைப் பொட்டலமே இல்லாத பெங்களூர்க் கத்தரிக்காய்!

தமிழ்நாட்டுக் காய்கறிச் சந்தையில் "பெங்களூர்க் கத்தரிக்காய்" கேட்டால் சௌசௌவை எடுத்துக் கொடுப்பார்கள். ஆந்திராவிலும் அது "பெங்களூரு வங்காய"தான். ஆனால் பெங்களூரில் கன்னடக்காரரிடம் கேட்டால், "சீமெ பதனெகாயி" என்பார். அதாவது சீமைக் கத்தரிக்காய்! வெளியூருக்கு அது பெங்களூர்க் காய். பெங்களூருக்கோ அது சீமைக் காய்.

உண்மையில் அது கத்தரி இனமே அல்ல. பூசணி, சுரை, பீர்க்கு குடும்பத்தைச் சேர்ந்த கொடி. பிறந்த இடம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. 1874 முதல் 1908 வரை லால்பாக் தோட்டத்தை நிர்வகித்த ஜான் கேமரன்தான் இதைப் பெங்களூருக்குக் கொண்டு வந்தவர் என்பார்கள். லால்பாக் கண்ணாடி மாளிகை எழுந்ததும் அவர் காலத்தில்தான்.

காயே விதை

ஒரு காய்க்கு ஒரே விதை. அதைப் பிரித்தெடுத்து உலர்த்தினால் செத்துவிடும். ஆகவே கடையில் பொட்டலமாக வாங்க முடியாது. முழுக் காயையே நட வேண்டும்.

நன்றாக முற்றிய, அடிபடாத காயாகத் தேர்ந்தெடுங்கள். பிரிட்ஜில் வைத்த காய் வேண்டாம். குளிரில் விதை கெட்டிருக்கும். நிழலில் சில வாரம் வைத்தால் அகன்ற முனை பிளந்து முளை எட்டிப் பார்க்கும்.

ஆடி மழையில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்கிய எரு கலந்து, காயைச் சாய்வாக வையுங்கள். முளை உள்ள அகன்ற பக்கம் கீழே இருக்கட்டும். காம்புப் பக்கம் சற்று வெளியே தெரியட்டும். தண்ணீர் தேங்கினால் காய் அழுகிவிடும். மொட்டை மாடி என்றால் பெரிய டிரம் தேவை. உறுதியான பந்தலும் அவசியம்.

ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். மகரந்தம் சேர்ப்பவை தேனீக்கள். எனவே பூக்கும் காலத்தில் பூச்சி மருந்து கூடாது. நட்ட மூன்று முதல் ஐந்து மாதத்தில் காய்க்கும். நன்கு கவனித்தால் அதே கொடி சில ஆண்டுகள் பலன் தரும்.

சங்கிலி அறுந்தால்?

வெளிர் பச்சை, வெள்ளை, முள் உள்ளது என்று இதில் பல ரகங்கள் உண்டு. மற்ற விதைகளைப் போல இதைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு வைக்க வழியில்லை. யாராவது தொடர்ந்து நட்டு வந்தால்தான் ரகம் பிழைக்கும். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது பந்தலும் போகிறது. அந்தக் கொடியிலிருந்து ஒரு காயைக் கூட யாரும் வாங்கிப் போகவில்லை என்றால், அத்தோடு அந்த வீட்டு ரகம் முடிந்தது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். முளைத்து வரும் கொடி தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே ரகம் வேண்டுமானால் தாய்க் கொடியின் இளந்தண்டை வெட்டி வேர் பிடிக்க வைப்பதே வழி.

கூட்டு, சாம்பாரோடு இதன் பயன் நின்றுவிடவில்லை. தோலைத் துவையல் அரைக்கலாம். டார்ஜிலிங் மலையில் "இஸ்குஸ்" என்ற பெயரில் கொழுந்தையும் கிழங்கையும் கூடச் சமைக்கிறார்கள்.

காய்க்கும் கொடி உள்ளவர்கள் இவ்வாண்டு முளைத்த காய் இரண்டைச் சமைக்காமல் எடுத்து வையுங்கள். ஒன்று உங்கள் குழிக்கு. மற்றொன்று அடுத்த தெருக்காரருக்கு. உங்கள் கொடி பட்டுப்போனால் விதை அங்கே இருக்கும்.