கேட்டான் கள்வன், கொடுத்தான் காவலன்!

தம்பி! கதவை உடைத்தவனைக் கேள்விப்பட்டிருப்பாய். கன்னம் வைத்தவனையும் அறிவாய். ஆனால், வாயிற்காவலனைத் தன் வீட்டுக்கு அழைத்து, "உன் முதலாளியின் பெட்டிச் சாவியைக் கொண்டுவா" என்று கள்வன் கேட்க, காவலனும் மறுபேச்சின்றிக் கொண்டுவந்து நீட்டிய கதையைக் கேட்டதுண்டா? இணையக் கடைகள் சிலவற்றிலே நடந்தது அதுதான்!

அட்மினர் என்றொரு கருவி. செக் நாட்டு யாக்கூப் வ்ரானா 2007-ல் வெளியிட்டது. கடையின் பேரேடு இருக்கிறதே, யார் வாங்கினார், எங்கே அனுப்புவது என்ற விவரமெல்லாம் அடங்கிய தரவுத்தளம், அதை உலாவி வழியே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மொத்தமும் ஒரே ஒரு கோப்பு! நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்த பிறகு அந்தக் கோப்பை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள் பலர், போவோர் வருவோர் கைபடும் இடத்திலே.

"கடவுச்சொல் இல்லாமல் எப்படி நுழைவான்?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அந்த நுழைவுப் படிவத்திலே பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமா கேட்கிறார்கள்? எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. கள்வன் அதிலே தன் சொந்த சர்வரின் முகவரியை எழுதினான். தன் வீடு, தன் பூட்டு, திறக்காமலா போகும்?

இனிமேல்தான் விந்தை. ஓட்டலிலே நாம் கேட்பதை சர்வர் கொண்டுவருவார். மைஎஸ்கியூஎல் ஏற்பாட்டிலோ, 'லோடு டேட்டா லோக்கல்' என்ற கட்டளையின்போது, சர்வர் கேட்கும், வந்தவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பான்! இன்ன கோப்பு வேண்டும் என்று சர்வர் பெயர் சொன்னால், அதை அனுப்பிவைக்கும் வழக்கம் அது. கள்ள சர்வர் எந்தக் கோப்பையும் கேட்கக்கூடும் என்று மைஎஸ்கியூஎல் கையேடே எச்சரித்திருந்தது. படித்தவர் எத்தனை பேரோ!

கடைக்காரனின் இயந்திரத்திலே குடியிருந்த அட்மினர், கள்வன் வீட்டுக்குப் போய், கடையின் அமைப்புக் கோப்பை ஒப்படைத்தது. மெஜன்டோ கடைகளிலே தரவுத்தளத்தின் கடவுச்சொல் அந்தக் கோப்பிலேதான் எழுதியிருக்கும். பிறகென்ன? அதே அட்மினர் வழியாக, இம்முறை உண்மைச் சாவியோடு நுழைந்தான். பணம் கட்டும் பக்கத்திலே களவு நிரலைச் செருகினான். பண்டிகைக்குப் பிள்ளைக்குச் சட்டை வாங்க வந்தவனின் வங்கி அட்டை எண் பறிபோயிற்று. கருவியை மறந்தவன் ஒருவன், காசை இழந்தவன் வேறொருவன்! இது எந்த ஊர் நியாயம்?

இதை 2019 சனவரியில் அம்பலப்படுத்தினார் டச்சு ஆய்வாளர் வில்லெம் டி குரூட். வேதனை என்ன தெரியுமா? ஓட்டையை அடைத்த அட்மினர் 4.6.3 பதிப்பு 2018 சூனிலேயே வந்துவிட்டது! மருந்து கடைக்கு வந்து அரை ஆண்டு. வாங்கிக் குடிக்கத்தான் ஆளில்லை. ஆக்கியவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. போட்டுவிட்டுப் போனவனைச் சும்மா விடவும் மனம் வரவில்லை.

பிஎச்பிமைஅட்மினிலும் இதே இனத்து ஓட்டை இருந்தது. எந்த சர்வருக்கும் போகலாம் என்று உரிமையாளரே அனுமதித்திருந்தால் மட்டுமே ஆபத்து. 2019 சனவரியில் 4.8.5 பதிப்பிலே அடைத்தார்கள்.

கணினிக் கூடத்திலே வேலைபார்க்கும் தம்பி, வேலை முடிந்தால் அந்தக் கோப்பை அழித்துவிடு. வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் புதிய பதிப்பை வை. வெளியார் நெருங்காதபடி இன்னொரு பூட்டும் போடு. பழைய பதிப்பு பல நாள் திறந்து கிடந்ததென்றால், தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும் இன்றே மாற்று. பழைய சாவியின் நகல் யார் மடியில் இருக்கிறதோ!