காற்றுக்கு எந்தக் குழாய்?

பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஒசூர் சாலையை ஒட்டி விரிந்திருக்கிறது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தின் கடைசி நிலையம் இங்கேதான் உள்ளது. பேட்டையின் பெரிய ஆலைகளைப் பலரும் அறிவர். அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில், குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஒரு லேத், ஒரு துளையிடும் எந்திரம், ஒரு கம்ப்ரசர் என்று தொழில் நடத்துவோரும் உண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். இக்கட்டுரை முதன்மையாக அவர்களுக்கானது.

பட்டறைக்குக் கடன் கோரும்போது எந்திரங்களின் விலைப்புள்ளிகள் ஒழுங்காக இணைக்கப்படுகின்றன. கம்ப்ரசரின் விலை, மோட்டாரின் குதிரைத்திறன், தொட்டியின் கொள்ளளவு யாவும் அவற்றில் இருக்கும். கம்ப்ரசரிலிருந்து வேலை மேசை வரை காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ‘அதை நம் வீட்டு பிளம்பர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடுகிறார்கள். அவரும் தமக்குப் பழக்கமான பி.வி.சி. குழாயை வாங்கி, பசை தடவி ஒட்டி, அரை நாளில் வேலையை முடித்துவிடுகிறார். செலவு குறைவு, பார்வைக்கும் நேர்த்தி. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஏமாற்றுவது குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண். குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ என்றும், கம்ப்ரசரில் 8 கிலோ என்றும் இருந்தால், இரண்டு கிலோ மிச்சமிருப்பதாக யாருக்கும் தோன்றும். ஆனால் நம் நாட்டில் பி.வி.சி. குழாய்க்கான ஐ.எஸ். 4985 தரநிலை குடிநீருக்காக வகுக்கப்பட்டது. குழாயில் உள்ள எண் தண்ணீருக்கான எண். அதுவும் 27 டிகிரி வெப்பநிலையில். காற்றைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

தண்ணீருக்கும் காற்றுக்கும் அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், அவை தேக்கி வைக்கும் ஆற்றல் ஒன்றல்ல. தண்ணீர் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. நூறு லிட்டர் தண்ணீரை 8 கிலோ அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அதில் சேரும் ஆற்றல், ஒரு கிலோ எடைக்கல்லை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். குழாய் வெடித்தால் சட்டை நனையும். அதே தொட்டியில் அதே அழுத்தத்தில் காற்று இருந்தால், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கொண்டிருக்கும் ஆற்றலுக்குக் குறையாத ஆற்றல் அதில் அடங்கியிருக்கிறது. குழாய் எங்கே விட்டுக்கொடுத்தாலும் அந்தக் காற்று அங்கே பாயும். பி.வி.சி. கிழிவதில்லை, கண்ணாடியைப் போல் நொறுங்குகிறது. கூரிய சில்லுகள் அறையெங்கும் பறக்கும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில ஆலை ஒன்றில் காற்று சென்ற பி.வி.சி. குழாய் வெடித்துத் தொழிலாளி ஒருவர் காயமுற்றதை அடுத்து, அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 1988இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தரைக்கு மேல் செல்லும் அழுத்தக் காற்றுக்கு பி.வி.சி. குழாயைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அதன் சாரம்.

‘என் பட்டறையில் மூன்று ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே’ என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும் குழாயின் கணக்கில் செலவாகிக்கொண்டிருக்கின்றன. கம்ப்ரசர் நின்று ஓடும் ஒவ்வொரு முறையும் குழாய் சற்றே விரிந்து சுருங்குகிறது. சன்னல் வழியே விழும் வெயில் அதை நொறுங்கத்தக்கதாக்குகிறது. காற்றோடு வரும் எண்ணெய்ப் படலம், அதிலும் செயற்கை எண்ணெய் வகைகள், பிளாஸ்டிக்கை அரிக்கக்கூடும். எல்லாவற்றையும்விடக் கொடியது வெப்பம். 43 டிகிரியில் பி.வி.சி.யின் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 60 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கே மிஞ்சும். இடைவிடாமல் ஓடும் கம்ப்ரசரிலிருந்து காற்று சூடாகவே குழாயில் நுழைகிறது. பிறகு ஒரு நாள் கைதவறி ஒரு ஸ்பானர் குழாயின் மேல் விழுந்தால் போதும். வெந்நீருக்கான சி.பி.வி.சி. குழாயும் இதற்கு விலக்கல்ல.

அப்படியானால் எதை வாங்குவது? சிறு பட்டறைக்கு எளிதில் கிடைப்பது திருகு வெட்டி இணைக்கும் ஜி.ஐ. குழாய். ஐ.எஸ். 1239 முத்திரையும் நீலப் பட்டையும் உள்ள நடுத்தர வகையைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் பட்டை மெல்லிய வகையைக் குறிக்கும். ஜி.ஐ. குழாயின் குறை, நாளடைவில் உள்ளே துருப்பிடிப்பது. வண்ணம் தெளிக்கும் வேலை செய்பவருக்கு அது தலைவலியே. பயன்படும் இடத்துக்கு முன் ஒரு வடிகட்டி வைத்தாக வேண்டும். ஆயினும் உலோகம் தன் முடிவை முன்கூட்டியே தெரிவிக்கும். துருப்பிடித்த இடத்தில் ஊசித்துளை விழும், சீழ்க்கை ஒலி கேட்கும், நாம் மாற்றிக்கொள்ளலாம்.

செம்புக்குத் துரு இல்லை, உட்புறம் வழவழப்பானது, விலைதான் உறுத்தும். அழுத்தக் காற்றுக்கென்றே செய்யப்படும் அலுமினியக் குழாய்கள் இலேசானவை, திருகு வெட்டாமல் பொருத்தலாம், பின்னாளில் வீடு மாறினால் கழற்றி எடுத்துச் செல்லலாம். வாடகை இடத்தில் தொழில் நடத்துபவர் இந்தக் கூடுதல் செலவைச் செய்யலாம் என்பது என் கருத்து. பிளாஸ்டிக்கே வேண்டுமெனில், அழுத்தக் காற்றுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுத்தில் தந்த வகையை, அவர் சொன்ன அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டு மட்டுமே பயன்படுத்த வேண்டும். கடைக்காரரின் வாய்மொழி போதாது.

குழாய் நல்லதாக இருந்து அமைப்பு பிழையானாலும் பயனில்லை. கம்ப்ரசர் அதிரும், ஆகவே அதற்கும் குழாய்க்கும் இடையில் காற்றுக்கேற்ற ஒரு ரப்பர் ஹோஸ் வேண்டும். குழாயை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாக அமைத்து, தாழ்ந்த முனையில் நீர் வடிக்கும் வால்வு வையுங்கள். கிளைக் குழாயை மூலக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கினால், தேங்கும் நீர் கருவிக்குள் வராது. வேலை முடிந்ததும் கம்ப்ரசரையும் வடிகட்டியையும் பிரித்துவிட்டு, குழாயை மட்டும் நீரால் நிரப்பிக் கைப்பம்பு கொண்டு ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதியுங்கள். காற்றைக்கொண்டு இச்சோதனையைச் செய்யலாகாது. காரணம் மேலேயே சொல்லியாயிற்று.

இவற்றுக்கான தொகையை விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிடுவது நல்லது. முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும் கிஷோர் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் கடன் பெற வழியுள்ளது. குழாய், வால்வு, வடிகட்டி, பொருத்தும் கூலி ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதிக் கொடுத்தால், மதிப்பீடு செய்யும் அலுவலருக்கும் தெளிவாக இருக்கும். காப்பீடு எடுக்கும்போது வீட்டில் பட்டறை இயங்குவதை மறைக்காமல் தெரிவியுங்கள்.

ஏற்கெனவே பி.வி.சி. பொருத்தியிருப்பவர்கள் முதலில் கம்ப்ரசரை நிறுத்தித் தொட்டியிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றட்டும். புதுக் குழாய் வரும்வரை, காற்றுக்கேற்ற நல்ல ஹோஸ் ஒன்றைத் தொட்டியிலிருந்து நேரடியாகக் கருவிக்கு இழுத்து வேலை பார்க்கலாம். கழற்றிய பி.வி.சி. குழாய் மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட உதவும்.