எட்டு வேடத்தில் ஒரே நடிகர்!



பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜாவாக வந்தவனே அடுத்த காட்சியில் மந்திரியாக வந்தால், "டேய், அதே ஆள்டா!" என்று சிரிப்பீர்கள் அல்லவா? ஒரே படத்தில் எட்டு வேடம் போட்டு, எட்டுப் பேரையும் வெவ்வேறு ஆளாகக் காட்டினார் ஒருவர். அவர்தான் இங்கிலாந்து நடிகர் அலெக் கின்னஸ். 1949-இல் வெளிவந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' என்பது அந்தப் படம். பாதிரியார், கடற்படைத் தளபதி, ஏன், ஒரு சீமாட்டி வேடம்கூட அதில் உண்டு!

1914-இல் லண்டனில் பிறந்தவர் இவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். மனமோ நாடகத்தில்தான் இருந்தது. மார்ட்டிடா ஹன்ட் என்ற நடிகையிடம் பாடம் கற்கப் போனார். சில வகுப்புகள் முடிந்ததுமே, இவருக்கு நடிப்பு வராது என்று அந்த அம்மையார் சொல்லிவிட்டார். கின்னஸ் சோர்ந்துவிடவில்லை. தொடர்ந்து பயின்றார். 1934-இல் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. 1946-இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படத்தில் அதே அம்மையாரும் இவரும் சேர்ந்து நடித்தார்கள்!

அடுத்து 'ஆலிவர் ட்விஸ்ட்' கதையில் வரும் ஃபேகின் என்ற கிழவர் வேடத்தைக் கேட்டார். இளைஞரான இவருக்கு அது பொருந்தாது என்று நினைத்தார் இயக்குநர் டேவிட் லீன். கின்னஸ் விடவில்லை. ஒப்பனை போட்டு வந்து நின்றார். இயக்குநர் வியந்துபோனார். வேடம் கிடைத்தது!

ஒரு மனிதரின் நடையைப் பிடித்துவிட்டால் அந்த வேடம் கைக்கு வந்துவிடும் என்பது கின்னஸின் நம்பிக்கை. அதற்காகத் தெருவில் போகிறவர்களை உற்றுக் கவனிப்பார்.

அவருடைய மகனுக்குப் பதினோரு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. பிறகு மெல்ல மெல்ல எழுந்து, தள்ளாடித் தள்ளாடி நடக்கப் பழகினான். அந்த நடை தந்தையின் மனத்தில் பதிந்துவிட்டது. 1957-இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை இலங்கையில் களனி ஆற்றங்கரையில் எடுத்தார்கள். அதில் இவர் போர்க் கைதியான ராணுவ அதிகாரி. தகரக் கொட்டடியில் அடைபட்டு வாடிய அவர், வெளியே வந்து கால் தடுமாறியபடியே தலைநிமிர்ந்து நடப்பார். மகனின் நடைதான் அது! அந்தப் படத்துக்காக இவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

1959-இல் 'சர்' பட்டம் பெற்றார். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஓபி-வான் கெனோபியாக வந்து உலகச் சிறுவர்களைக் கவர்ந்தார். 2000-இல் 86-ஆம் வயதில் மறைந்தார்.

குழந்தைகளே, அடுத்த முறை நாடகத்தில் தாத்தா வேடம் கிடைத்தால் பஞ்சுத் தாடியைத் தேடும் முன், உங்கள் தாத்தா எப்படி எழுந்து நடக்கிறார் என்று பாருங்கள். உங்களுக்கு நடிப்பு வருமா, வராதா என்பதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!