பழிக்கலாகாமை: ‘இன்கல்பபிள்’ என்னும் சொல்

பழி சுமத்த இடமில்லாதவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘இன்கல்பபிள்’ என்றோர் அருஞ்சொல் உண்டு. குற்றம், பழி எனப் பொருள்படும் ‘குல்பா’ என்னும் இலத்தீன் சொல் அதன் வேர். ‘இன்’ என்னும் முன்னொட்டு ஈண்டு இன்மையைக் குறிக்கும். ‘இன்கல்பேட்’ என்னும் வினையிலோ அதே ஒலி ‘உள்’ எனப் பொருள்பட்டு, ஒருவரைக் குற்றத்துள் சேர்த்தலைச் சுட்டும். மாணவர் வழுக்கும் இடம் இது.

இதனை ‘நிரபராதி’ எனப் பெயர்த்துவிடலாம், எனக்கு நிறைவில்லை. அதில் நீதிமன்ற வாடை மிகுதி. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். விடியலில் மரம் சீவியாயிற்று. மங்குகளில் பால் இறங்குகையில் பெருமழை கொட்டுகிறது. பால் நீரோடு வழிந்தோடுகிறது. நிறுவையில் எடை குறைந்து நிற்கும் தொழிலாளி செய்த குற்றம் யாது? ஆயினும் ஏச்சு அவர்மேல் விழக்கூடும். குற்றம் செய்தவரிடம் இருப்பது. பழி பிறர் ஏற்றுவது. கோவலனும் குற்றமற்றவனே, கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப்பரலைக் காட்டும்வரை பழி அவன்மேல் நின்றது.

ஆதலின் ‘பழியற்றவர்’ என்பதும் பொருந்தாது. பழி சுமந்து நிற்பவரும் ‘இன்கல்பபிள்’ ஆக இருக்கலாம். ‘பழிக்கலாகாதவர்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். சற்று நீண்ட சொல்தான். தொழிலாளிக்கும் கோவலனுக்கும் அது பொருந்துகிறது.